பீன்ஸ் மூட்டைக்குப் போன வசம்பு

எருத்தேன்பதி
20-1-1957

நாச்சம்மாளுக்கு அண்ணன் ரத்தினசாமி எழுதுவது.

உன் புருஷன் ஆறுமுகசாமி எனக்குச் செய்த அநியாயம் இது: உன் குழந்தைக்கு வளையல் கோக்க நான் கொடுத்தனுப்பிய வசம்பை உரலில் போட்டு இடித்து, பீன்ஸ் விதை மூட்டையில் தூவிவிட்டார். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஆகவே அநியாயத்தில் பாதி உன்னுடையது.

சொன்னவன் குப்பண்ணன். இங்கிருந்து அரிசியை டாப் ஸ்டேஷன் வரை லாரியிலும், அதற்கப்பால் மட்டக்குதிரையிலும் ஏற்றிப் போய், உங்கள் வட்டவடைப் பூண்டோடு திரும்புகிறவன். பொய் சொல்ல அவனுக்குச் சாமர்த்தியம் போதாது. போன வெள்ளிக்கிழமை களத்துக்கு வந்து, “ஏனுங் மாமா, உங்க வசம்பு பிரமாதமா வேலை செய்யுதுங்க” என்றான். குழந்தைக்கு வயிற்று உப்புசம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

“கொழந்த நல்லாத் தூங்குதா?”

“கொழந்தைங்களா? அது பாட்டுக்கு இருக்குதுங்க. நாஞ் சொன்னது பீன்ஸு மூட்டையைங்க. ஒரு வண்டு இல்லீங்க!”

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஆறு பேர் முன்னால் இதைச் சொன்னான்.

நான் அனுப்பியது இருபத்தொரு துண்டு. இலை பழுத்த பிறகு தோண்டி, வேர் களைந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, நிழலில் உலர்த்தி, நார் போகச் சாக்கில் போட்டுத் தேய்த்தது. ஒரு துண்டில்கூடப் பூச்சித் துளை கிடையாது. பிள்ளை பிறந்தால் தாய்மாமன் வீட்டிலிருந்து வசம்பு வர வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வந்தது. அதற்கு நீங்கள் செய்த மரியாதை இதுதான்.

அதைச் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவினாயா, இல்லையா? அதற்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தடவாத பிள்ளைக்குப் பேச்சு எப்படித் திருந்தும்?

ஏழாம் மாதம் காது குத்த வேண்டும். அது இங்கே நம் கோயிலில்தான் நடக்கும். குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் தருகிறேன் என்று சொல்லியும், மச்சினன் நிலத்தில் ஏர் பூட்ட மாட்டேன் என்று மாப்பிள்ளை உன்னை மலைக்குக் கூட்டிப் போனார். அந்த மலையை மிதிக்க மாட்டேன் என்று அன்று சொன்னேன். பதினொரு வருடம் ஆகிறது. சொன்னது சொன்னதுதான்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். பஞ்சாங்கத்தை வைத்து எழுத்துக் கூட்டியவன். இதில் பிழை இருந்தால் எழுத்தைத் திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

ரத்தினசாமி


வட்டவடை
3-2-1957

அண்ணனுக்கு நாச்சம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

குப்பண்ணன் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறான். முழுக்கக் காணவில்லை. உரலில் உலக்கை விழுந்ததும் அவனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்பதாவது தும்மலில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குதிரையோடு போய்விட்டான். அடுத்த நடை வந்தபோது மூட்டையை மட்டும்தான் பார்த்தான்.

இருபத்தொரு துண்டையும் மாட்டினால் குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவை போன கணக்கைக் கேளுங்கள்.

ஆறு துண்டு வளையலுக்கு. கருமணி சேர்த்து நானே கோத்து, பதினாறாம் நாள் இரண்டு கையிலும் கட்டினேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் பிலோமி மாதம் ஒருமுறை இந்தப் பக்கம் வருவாள். பிரசவத்தில் என்னையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தவள் அவள்தான். வளையலைப் பார்த்துவிட்டு, “கையில கெட்டினா வாயில வெக்கும், கேட்டோ. தொட்டில் கயிற்றில கெட்டிக்கோ” என்றாள். நாக்கில் தடவலாமா என்று கேட்டேன். “ஒண்ணும் தொடக் கூடாது. முலைப்பால் மதி, அது போதும். பேச்செல்லாம் தன்னால வரும், அம்மையைக் கண்டால் தெரியும்” என்றாள். நான் அதிகம் பேசுகிறேன் என்று அதற்கு அர்த்தம். ஆகவே நாக்கில் தடவவில்லை. வளையல் தொட்டிலில் தொங்குகிறது. குழந்தை சரஸ்வதி அதைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டுகிறாள்.

நாக்கில் வைக்கக் கூடாது என்று சொன்ன அதே பிலோமி, போகும்போது நான்கு துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கம்பளிகளை அந்துப்பூச்சி அரிக்கிறதாம். ஒரு துண்டை அரைத்து நான் தலையில் பூசிக்கொண்டேன். பேன் தொல்லை. மீதி பத்து.

போன வருடம் எங்கள் பீன்ஸ் விதையில் பாதியை வண்டு மாவாக்கிவிட்டது. ஊர் முழுக்க அப்படித்தான். விதைக்கு ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றோம். உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் இரண்டு ஏக்கர் கதை வரும் என்று பயம். இந்த வருடமும் மூட்டை கட்டும்போது இவர் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்புள்ள, இது கெடந்தாக் கொழந்தைகிட்டப் பூச்சி பொட்டு அண்டாதுன்னு உங்கண்ணன் சொல்றாரு. மூட்டைகிட்ட மட்டும் அண்டுமா?” என்று கேட்டார். உரலை எடுத்துக் கொடுத்தது நான்தான். பாதி அநியாயம் இல்லை, முக்கால் அநியாயம் என்னுடையது.

எங்கள் மூட்டையில் ஒரு வண்டு இல்லை. கிராம சேவகர் வந்து, கையை உள்ளே விட்டு விதையை அள்ளிப் பார்த்து, முகர்ந்து, தும்மி, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். பதினேழு வீட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். பங்குனிக்குள் அரை மூட்டை வசம்பு அனுப்புங்கள் அண்ணா.

காதுகுத்து விஷயம். நான் ஒன்பது தடவை மலை இறங்கி வந்திருக்கிறேன். என் வீட்டுக்குக் கதவு எந்தப் பக்கம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை நீங்கள் ஏறி வர வேண்டும். உங்கள் மடியில் வைத்துத்தான் என் மகளுக்குக் காது குத்துவேன். வேறு யார் மடியும் வேண்டாம். நீங்கள் வராவிட்டால் அவள் மூளிக் காதோடு வளரட்டும். கேட்கிறவர்களுக்கு உங்கள் விலாசத்தைக் கொடுக்கிறேன்.

நாச்சம்மாள்


எருத்தேன்பதி
17-2-1957

நாச்சம்மாளுக்கு ரத்தினசாமி எழுதுவது.

கணக்குப் படித்தேன். பேனுக்கு ஒன்று, கம்பளிக்கு நான்கு, பீன்ஸுக்குப் பத்து, பிள்ளைக்கு ஆறு. அந்த ஆறும் கயிற்றில். நல்ல கணக்கு.

அரை மூட்டை தர முடியாது. அரைத் துண்டும் தர முடியாது. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நம் அம்மா போனபோது உனக்கு நான்கு வயது. நான் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஏர் ஓட்டினேன். உனக்குக் கல்யாணம் செய்து கொடுத்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில், நல்லேப்பிள்ளியிலிருந்து நான்கு கிழங்கு வாங்கி வந்து குளத்து மதகுக்குக் கீழே சேற்றில் நட்டேன். எப்படி வளர்ப்பது என்று சொல்லித்தர இங்கே ஆள் கிடையாது. இரண்டு தடவை அழுகியது. மூன்றாம் தடவை பிடித்தது. உனக்கு அடுத்த வருடம் பிள்ளை பிறக்கும், கடைச் சரக்கு வேண்டாம், என் கையால் வளர்த்ததையே கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என்னிடம் வந்தார்கள். கொடுத்தேன். காசு வாங்கியதில்லை. ஒவ்வொரு தடவை கொடுக்கும்போதும், பாத்தியில் நல்ல கிழங்காக ஒன்றைத் தொடாமல் விட்டேன். அது உன்னுடையது. பதினெட்டு வருடம் அப்படி விட்டேன். போன ஐப்பசியில் தந்தி வந்த அன்றுதான் அதைத் தோண்டினேன். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

அதைத்தான் மாப்பிள்ளை உரலில் போட்டார்.

பூச்சிக்கு மருந்து வேண்டும் என்கிறாய். என் வீட்டு நெல்லில் இத்தனை வருடமாக யாராவது ஒரு வண்டு பார்த்ததுண்டா? என்ன மருந்து போட்டேன்? மூன்று வெயில், ஒரு நிழல். கையில் எடுத்துக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். அந்தப் பக்குவத்தில் குதிரில் கொட்டினால் வண்டு கிட்டே வராது. இதைக் கேட்கக் கொழிஞ்சாம்பாறையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு விதை காயவைக்கத் தெரியவில்லை. அதற்கு என் வசம்பு என்ன செய்யும்?

குழந்தையைக் கொண்டுவா. மடி இங்கே இருக்கிறது. மடி மலை ஏறாது.

ரத்தினசாமி


வட்டவடை
1-3-1957

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை இவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய், வெளியே கிடந்த உரலைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். “மழையில நனையுதல்ல” என்றார். மழை இல்லை.

மூன்றாம் தடவை படித்தபோது நெல் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

கருப்பாத்தா அண்ணியிடம் நான் ஒரு சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். கல்யாணமான பிறகு ஒரு ஆடிக்கு வந்திருந்தபோது செய்தது. இப்போது அதை மீறுகிறேன். பாவம் என்னோடு போகட்டும். அண்ணியைத் திட்டக் கூடாது. திட்டினால் இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

கிழக்கு அறையில் இருக்கும் பெரிய நெற்குதிரை அடிவரை ஒருமுறை கிளறிப் பாருங்கள். மூலையில் இருக்கும் சின்னக் குதிரையும் பாருங்கள். வேறு ஒன்றும் எழுத மாட்டேன்.

சரஸ்வதிக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. யாராவது தும்மினால் சிரிக்கிறாள். மூட்டை அறைப் பக்கம் போய் வருகிறவர்கள் எல்லோரும் தும்முவதால் நாள் முழுக்கச் சிரிப்புத்தான்.

நாச்சம்மாள்


எருத்தேன்பதி
12-3-1957

நாச்சம்மாளுக்கு ரத்தினசாமி எழுதுவது.

கிளறினேன்.

பெரிய குதிரில் ஐந்து துணி முடிச்சு. சின்னக் குதிரில் மூன்று. என் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியது. ஒவ்வொன்றிலும் இடித்த வசம்பு. நெல்லை முகத்துக்கு நேரே வைத்து எத்தனையோ பேருக்கு முகரக் கொடுத்திருக்கிறேன். அந்த வாசனை வெயில் வாசனை என்று சொல்லியிருக்கிறேன். எவனும் மறுத்துப் பேசியதில்லை.

முடிச்சுகளை வரிசையாக வைத்துவிட்டு உன் அண்ணியைக் கூப்பிட்டேன். வந்தாள். பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இது எத்தன வருசமா நடக்குது?”

“நீங்க சேத்துல அத நட்டுப் புடிச்சதுக்கு மூணாம் வருசத்துல இருந்துங்க. தேச்சு எறியற தும்பும் நுனியுந்தானுங்க. நல்ல துண்டத் தொடலீங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?”

“சொல்லலாம்னு வந்தனுங்க. அன்னிக்கு நாலு பேர உக்கார வெச்சு வெயிலப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க. அடுத்த நாள் வந்தேன். அன்னிக்கு எட்டுப் பேரு. அதுக்கப்பறம் நடுவுல புகுந்து பேச எடமே இல்லீங்க.”

“அப்ப நான் காயவெச்சதுல ஒண்ணுமே இல்லியா?”

“காயவெச்சதுனாலதானுங்க அரிசி ஒடையாம வருது” என்றாள். கொஞ்சம் இரக்கப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் திட்டவில்லை. நீ தடுத்தாய் என்பதற்காக இல்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

ஆனால் இதை வைத்து நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. முடிச்சு இருந்தது உண்மை. வண்டு இல்லாததும் உண்மை. இதனால்தான் அது என்று யார் கண்டார்கள்? ஆகவே சின்னக் குதிரிலிருந்து மூன்று முடிச்சையும் எடுத்துவிட்டேன். பெரிய குதிரில் ஐந்தும் அப்படியே இருக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே வயல் நெல், ஒரே நாள் காய்ந்தது. இரண்டு வாயையும் சாணி போட்டு மெழுகியாயிற்று. நாற்பது நாள் கழித்துத் திறப்பேன். முடிவு தெரியும்வரை யாரும் என்னிடம் வசம்பு என்றோ காது என்றோ பேசக் கூடாது.

மாப்பிள்ளை உரலை நனையாமல் வைத்தது சரி.

ரத்தினசாமி


வட்டவடை
7-4-1957

அண்ணா,

பேசக் கூடாது என்றீர்கள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

குப்பண்ணன் வந்திருந்தான். அண்ணி சொல்லியனுப்பியது எல்லாம் வந்து சேர்ந்தது. தினம் மூன்று வேளை சின்னக் குதிரில் காதை வைத்துக் கேட்கிறீர்களாம். பக்கத்து வீட்டுக்காரர், “நெல்லு என்னுங்க சொல்லுது?” என்று கேட்டதற்கு நீங்கள் அவரோடு இரண்டு நாள் பேசவில்லையாம். அண்ணி சிரிக்க மாடு கட்டும் இடத்துக்குப் போய் வருகிறாளாம்.

இங்கே பதினேழு வீட்டிலும் விதையில் வண்டு தெரியத் தொடங்கிவிட்டது. வைகாசி கடைசியில் விதைக்க வேண்டும். இவர் எங்கள் மூட்டையிலிருந்து ஆளுக்கு இரண்டு படி விதை கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. எங்களுக்கும் போன வருடம் அவர்கள்தான் கொடுத்தார்கள்.

காது குத்த நாள் பார்த்துவிட்டோம். மே முப்பதாம் தேதி, வியாழக்கிழமை. அதை விட்டால் மழை. மழை பிடித்தால் பாதை போய்விடும். பிறகு ஒன்பதாம் மாதம், பதினொன்றாம் மாதம் என்று தள்ளிக்கொண்டே போக வேண்டும். இவருடைய அக்கா, “என்ற தம்பி மடியிலயே வெச்சுக் குத்திக்கலாமே” என்று சொல்லிப் பார்த்தாள். நான் முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

சரஸ்வதி இப்போது உட்காருகிறாள். யாராவது மடியில் வைத்தால் நேராக நிமிர்ந்து, ஏதோ வழக்குக் கேட்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறாள். யாருடைய முகம் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். அந்த முகத்துக்கு உடையவர்தான் இன்னும் பார்க்கவில்லை.

நாச்சம்மாள்


எருத்தேன்பதி
23-4-1957

நாச்சம்மாளுக்கு ரத்தினசாமி எழுதுவது.

நேற்று முன்தினம் நாற்பது நாள் முடிந்தது. சாட்சிக்கு ஆறு பேரை வைத்துக்கொண்டு திறந்தேன்.

பெரிய குதிரில் ஒன்றுமில்லை. சின்னக் குதிரில் ஒரு படி அள்ளி முறத்தில் பரப்பினேன். அறுபத்து மூன்று வண்டு. நானே எண்ணினேன். பிறகு குப்பண்ணன் எண்ணினான். அவனுக்கு அறுபத்தைந்து வந்தது. அறுபத்து மூன்றுதான் சரி.

ஆறு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் என் நெல்லை முகர்ந்துவிட்டுப் போனவர்கள். நான் முறத்தைக் கீழே வைத்தேன். “வெயிலுனு நாஞ் சொன்னதெல்லாம் பொய்யுங்க. இது என்ற ஊட்டுக்காரி கை வேலை. இனி நெல்லு சேத்து வெக்கிறதப் பத்திக் கேக்க வாறவங்க அவகிட்டக் கேளுங்க” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே இருந்து பாத்திரம் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று சாயந்தரம் அவள் எனக்குப் பச்சைப் பயறு கடைந்து, நெய் ஊற்றி வைத்தாள். கேட்காமலே இரண்டாம் தடவையும் ஊற்றினாள்.

மதகுக்குக் கீழே பாத்தியில் பாதியைத் தோண்டிவிட்டேன். இலை முழுக்கப் பழுக்கவில்லை. பரவாயில்லை. முற்றம் முழுக்கக் காய்கிறது. நெடுந்தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இனி நடக்க வேண்டியவற்றை எழுதுகிறேன். மாற்றிப் பேச யாருக்கும் இடமில்லை.

குப்பண்ணன் மே இருபத்தேழாம் தேதி விடிகாலையில் லாரியை இங்கே கொண்டுவர வேண்டும். முன்சீட்டில் கருப்பாத்தாள் உட்காருவாள். நான் பின்னால் மூட்டையோடு வருவேன். உடுமலைப்பேட்டையில் டீ குடிக்க அரை மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது. டாப் ஸ்டேஷனில் மட்டக்குதிரை இரண்டு வேண்டும், ஒன்று மூட்டைக்கு, ஒன்று கருப்பாத்தாளுக்கு. நான் நடப்பேன். மலையை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன கால் இது. அது மிதித்தே வரட்டும்.

மாப்பிள்ளை எதிரே வந்து நிற்க வேண்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன். உரலை வெளியே எடுத்து வைக்கச் சொல். இரண்டு உலக்கை வேண்டும். பதினேழு வீட்டுக்கும் ஆனதை நாங்கள் இருவரும் சேர்ந்து இடிப்போம். வண்டு விழுந்த விதையை அந்தந்த வீட்டுக்காரர்களே புடைத்துச் சுத்தம் செய்து, வெயிலில் போட்டு வைத்திருக்க வேண்டும். வெயிலும் வேண்டியதுதான், அதை நான் விடவில்லை. ஓடைக் கரையில் நிழல் விழாத சேறாகப் பார்த்து ஒரு பாத்தி வெட்டி வைக்கவும் மாப்பிள்ளையிடம் சொல். ஈரச் சாக்கில் உயிர்க் கிழங்கு கொண்டுவருகிறேன். அங்கேயே வளரட்டும். அவருக்குப் பிடிக்காத என் நிலம் இனி அவர் வீட்டு வாசலுக்கே வருகிறது.

மாப்பிள்ளையின் அக்காவை நீ நேரில் போய்க் கூட்டிவர வேண்டும். காதுகுத்து அன்று அவள் கோபமாக இருக்கக் கூடாது.

நர்ஸ் பிலோமி அன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தட்டாரிடம் கொடுப்பது அவள் பொறுப்பு. நாக்கு விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. அவளோடு நேரில் பேசிக்கொள்கிறேன். அதுவரை அவள் சொன்னபடியே இருக்கட்டும். அவள் கம்பளிக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறேன்.

கருப்பாத்தாள் எள்ளுருண்டைக்கும் கச்சாயத்துக்கும் மாவு எடுத்து வருவாள். வெல்லம் நீ வாங்கி வை.

நீ செய்ய வேண்டியது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதல்லவா.

சரஸ்வதி செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊசி பட்டதும் அழ வேண்டும். சர்க்கரையைக் காட்டி யாரும் அவள் வாயை அடைக்கக் கூடாது. முடிந்த மட்டும் அழட்டும். நான் பிடித்துக்கொள்கிறேன்.

ரத்தினசாமி